அக்காவையும் என்னையும் பள்ளிக்கூடம் கூப்பிட்டது

1

மகளுடைய பள்ளிக்கூடத்து எண்ணைப் போனில் பார்த்தால் இன்றைக்கும் இரண்டு மணி அடித்த பிறகுதான் எடுக்கிறேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஸ்வீடனின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். கணவர் சரவணனுக்குக் கணினி வேலை. நான் மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறேன். ஒரே மகள் யாழினி, அப்போது மூன்றாம் வகுப்பு. கடந்த பனிக்காலத்தில் ஒருநாள் வேலையில் இருந்தபோது அவளுடைய வகுப்பு ஆசிரியை கூப்பிட்டார். இங்கே ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அவர் பெயர் மரியா.

"பதற்றப்பட வேண்டாம், கலைச்செல்வி. ஆனால் சட்டப்படி நான் ஒரு தகவலைச் சமூகநல அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும்" என்றார்.

அன்று காலை பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, எதற்கெல்லாம் பயப்படுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஒருத்தன் இருட்டு என்றானாம், ஒருத்தி சிலந்தி என்றாளாம். யாழினி, "பால் குடிக்கலேன்னா எங்க அம்மா என்னைக் கொன்னுடுவேன்னு சொல்வாங்க. தோலை உரிச்சிடுவேன்னும் சொல்வாங்க" என்றிருக்கிறாள். அதுவும் சுத்தமான ஸ்வீடிஷில், சொல்லுக்குச் சொல். என் மகளுக்கு இரண்டு மொழியும் நன்றாகத் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று.

எங்கள் வீட்டில் "கொன்னுடுவேன்" என்பது "சாப்டியா" மாதிரி ஒரு வார்த்தை. என் அம்மா என்னைத் தினமும் கொன்றாள். அக்காவை இன்னும் ஜாஸ்தியாகக் கொன்றாள். நாங்கள் இருவரும் பால் குடித்து, பரீட்சை எழுதி, கல்யாணமும் கட்டிக்கொண்டோம். இதை மரியாவுக்கு எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல், கையுறையைக் கூடக் கழற்றாமல் ஆய்வக நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன்.

2

சமூகநல அலுவலகத்தில் இரண்டு பெண்கள் எங்கள் மூவரையும் சிரித்த முகத்தோடு வரவேற்றார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயந்தேன். மேசை மேல் ஒரு போன். அதில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், இலங்கைத் தமிழர், குரல் மட்டும். எனக்கு ஸ்வீடிஷ் தெரியும் என்றாலும், தப்பாக எதையாவது உளறிவிடுவேனோ என்று பயந்து நான்தான் அவரைக் கேட்டிருந்தேன்.

"பிள்ளையைக் கொல்லுவன் எண்டு நீங்கள் சொன்னது உண்மையோ எண்டு கேக்கினம், அம்மா."

"அது சும்மா சொல்றதுங்க. நம்ம ஊர்ல எல்லாரும் சொல்றதுதானே. நீங்களே கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு விளங்குது, அம்மா. எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான் வெருட்டுறவை. ஆனா நான் விளங்கப்படுத்தக் கூடாது. நீங்கள் சொல்லுறதை அப்பிடியே சொல்லத்தான் எனக்கு அனுமதி."

அப்புறம், பிள்ளையை அடித்ததுண்டா என்று கேட்டார்கள். சரவணன் என்னைப் பார்த்தார். யாழினி ஒருமுறை சாலைக்குக் குறுக்கே ஓடி, ஒரு லாரி கிறீச்சிட்டு நின்றபோது முதுகில் ஒன்று வைத்தேன். அதைச் சொன்னேன். இந்த நாட்டில் பெற்ற பிள்ளையை அடிப்பது சட்டப்படி தப்பு. இரு பெண்களில் ஒருவர் அதை எழுதிக்கொண்டார்.

அடுத்து யாழினியைத் தனியாகப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போனார்கள். கதவு சாத்தியிருந்தது. பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பார்களா, மாட்டார்களா? சரவணனும் நானும் கையைக் கூடப் பிடித்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொண்டால் அதையும் எழுதிக்கொள்வார்களோ என்று பயம்.

கொடுத்தார்கள். சில வாரங்கள் கழித்து, விஷயம் முடிந்துவிட்டது என்று தகவலும் வந்தது. மரியா என்னை உட்காரவைத்துப் பேசினார். நல்லவர்தான். "பயத்துக்காகக் கீழ்ப்படிகிற குழந்தை நீங்கள் பார்க்கிறவரைதான் கீழ்ப்படியும். அவள் யோசித்து நடக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம்" என்றார். தலையாட்டிக்கொண்டேன். ஆனால் என் மனசு வேறொன்றைச் சொன்னது. பிரம்பு இல்லாத இந்தப் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து வீட்டில் நடக்கிற எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். என் அப்பாவின் காலத்து எந்த வாத்தியாருக்கும் எங்கள் சமையலறைவரை கை நீண்டதில்லை.

அதன்பிறகு வீட்டில் பேசுவதே எனக்குக் கஷ்டமாகிவிட்டது. வாயில் வருகிற ஒவ்வொரு வார்த்தையையும் ஸ்வீடிஷில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தமிழில் பேசினேன். ஒருநாள் டேப்லெட்டை வைத்துவிட்டுச் சாப்பிட வரச் சொல்லிக் குரலை உயர்த்தினேன். யாழினி நிமிர்ந்து பார்த்து, "அம்மா, கத்தாதீங்க. அப்புறம் மரியா கேப்பாங்க" என்றாள். மிரட்டலே இல்லை, மழை வரும் குடை எடுத்துக்கொள் என்கிற மாதிரிதான் சொன்னாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்துப் பயந்து.

3

என்னைத் திருவண்ணாமலையில் ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது அப்பா கணக்கு சாரிடம் சொன்னது இது: "கண்ணு ரெண்டையும் உட்டுட்டு மீதி எங்க வேணாலும் அடிங்க சார்." சொல்லிவிட்டுக் கும்பிட்டார். சார் சிரித்தார். நானும் சிரித்தேன், அப்போது அர்த்தம் புரியாததால்.

அந்த சார் வைத்திருந்தது புளிய விளார். வாய்ப்பாடு இன்றைக்கும் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். அதோடு வேறு சிலதும் வந்தன. காய்ச்சல் என்று பொய் சொல்ல, அடுத்த பெண் மாட்டிக்கொண்டால் உள்ளுக்குள் நிம்மதியாக மூச்சுவிட, தெரியாத கணக்கைத் தெரிந்த மாதிரி தலையாட்ட. நான் உருப்பட்டது அந்த விளாரால்தான் என்று அப்பா கடைசிவரை நம்பினார். எனக்கு அது தெரியவில்லை. விளார் இல்லாத இன்னொரு நான் இருந்து, பக்கத்தில் நிற்கவைத்து ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால்தானே சொல்ல முடியும்.

இந்த ஜூன் மாதம் யாழினியின் கோடை விடுமுறைக்கு அவளும் நானும் ஊருக்குப் புறப்பட்டோம். விமானம் கிளம்பியதும் எனக்கு ஏதோ சங்கிலியைக் கழற்றிவிட்டது போலிருந்தது. ஊரில் என் பிள்ளையை நான் திட்டலாம். யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

4

என் அக்கா பூங்கொடி வீடு போளூர் சாலைப் பக்கம். மாமா ஏழுமலை பைப், பெயின்ட் விற்கிற ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவர்கள் மகள் அபி பிளஸ் ஒன். வேட்டவலம் சாலையில் ஒரு தனியார் பள்ளி, கண்டிப்புக்குப் பேர்போனது. அந்தக் கண்டிப்பைச் சொல்லித்தான் அங்கே பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள்.

போன மறுநாளே அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தன் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தாள். திரையில் ஒரு வகுப்பறை தெரிந்தது.

"பாருடி, மூணாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம். நம்ம அபி. கிளாஸுக்குக் கிளாஸ் கேமரா வச்சிருக்காங்க. தலைய கவுந்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

"நாளெல்லாம் பாப்பியாக்கா?"

"வேற என்ன வேல? உனக்கென்னா, அங்க எல்லாத்தையும் கவர்மென்ட் பாத்துக்கும். இங்க கொஞ்சம் அசந்தா போச்சு. மார்க் கம்மியானா எவன் சீட்டு குடுப்பான்? பயம் இருந்தாதான் புள்ளைங்க படிக்கும்."

யாழினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். "பெரியம்மா, அபிக்காகிட்ட கேட்டீங்களா, பாக்கலாமான்னு?"

"ஏன் கேக்கணும்?" அக்கா சிரித்தாள். "நான் பெத்தவதானடி?"

சாயங்காலம் அபி செருப்பைக் கழற்றும்போதே அக்கா, "மூணாவது பீரியட்ல எதுக்குடி கொட்டாவி விட்ட?" என்றாள். அபியின் முகம் மாறியது. கோபம்கூட இல்லை. எங்கள் ஆய்வகத்தில் ஊசி குத்துமுன் சிலர் கையை நீட்டிவிட்டு வேறு எங்கோ பார்ப்பார்களே, அப்படி.

ராத்திரி இரண்டு பெண்களும் ஒரே பாயில் படுத்துக் குசுகுசுவென்று பேசுவார்கள். யாழினி ஸ்வீடன் கதை சொல்வாள். ஆசிரியர் சொன்னது புரியாவிட்டாலும் பிடிக்காவிட்டாலும் ஏன் என்று கேட்கலாம் என்பாள். அபி, "நெஜமாவாடி?" என்று திரும்பத் திரும்பக் கேட்பாள். கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போவேன். அதில் பயப்பட ஏதாவது இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

5

அன்று பௌர்ணமி. மத்தியானத்திலிருந்தே ஊருக்குள் பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா திடீரென்று சமையலறையிலிருந்து கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையில் அபி எழுந்து நின்றிருந்தாள். ஆசிரியர் கையை நீட்டி வாசலைக் காட்டினார். அபி வெளியே போனாள். வராந்தாவில் கேமரா இல்லை.

"இன்னா பண்ணா இவ?" அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் காலியாகவே இருந்தது. கடைசி மணிவரை அந்தக் காலி இடத்தையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பள்ளி வேன் வந்தது. அபி அதில் இல்லை.

இந்த முறை போனை எடுத்தார்கள். "மத்தியானமே காணலைங்க. வீட்டுக்குத்தான் வந்துட்டான்னு நினைச்சோம்" என்றார் ஒரு பெண், சாதாரணமாக.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். வண்டிகளைத் திருப்பிவிட்டிருந்தார்கள், தெருவெல்லாம் தலையாக இருந்தது. கிரிவலம் போகிற அத்தனை கூட்டத்தில் பதினாறு வயதுப் பெண்ணை எங்கே தேடுவது? எனக்குக் கிணறுகள் ஞாபகம் வந்தன, ஏரி ஞாபகம் வந்தது, செய்தியில் படித்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது.

"போலீஸ்ல சொல்லிடலாம்க்கா."

"ஐயோ வேணாம்டி. பொம்பளப் புள்ள. பேரு கெட்டுடும்."

பெண் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாத நேரத்திலும் அக்காவுக்கு ஊர் வாய் ஞாபகம் வந்தது. அப்போதுதான் யாழினியைக் கவனித்தேன். பாயின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடுகளை உள்ளே மடித்து அழுத்திக்கொண்டிருந்தாள். எதையும் மறைக்கத் தெரியாத பிள்ளை. வட்டமாக உட்காரவைத்தால் வீட்டையே கொட்டிவிடுகிற பிள்ளை.

"யாழு, உனக்குத் தெரியுமா?"

முகத்தை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டாள். அக்கா பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுடி! எங்கடி அவ?" கையை ஓங்கியும் விட்டாள். நான் நடுவில் புகுந்தேன். அடி என் தோளில் விழுந்தது.

"சொன்னா அபிக்காவ கொன்னுடுவீங்க" என்றாள் யாழினி. அழவில்லை. "இங்க நெஜமாவே கொன்னுடுவீங்க."

ஸ்வீடனில் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவள் நம்பிச் சொல்லவில்லை. இங்கே நம்புகிறாள். நான் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். என் வாயிலும் வந்தது, சொல்லப்போறியா இல்லையா என்று. விழுங்கினேன். "என்ன பண்ணா சொல்லுவ?" என்று கேட்டேன்.

"அடிக்க மாட்டேன்னு பெரியம்மா சொல்லணும். பெரியப்பாவும் சொல்லணும். எப்பவும்."

அக்கா என்னைப் பார்த்தாள், என்ன பேச்சு இது என்கிறாற்போல. பிறகு, எப்பவும் அடிக்க மாட்டேன் என்று சொன்னாள். மாமாவைப் போனில் பிடித்தோம். பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் அவருக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும், "அடிக்க மாட்டேன்மா, சாமி சத்தியமா அடிக்க மாட்டேன், சொல்லும்மா" என்று அழுதார்.

"கீழ்பென்னாத்தூர்ல சங்கீதாக்கா வீடு. ஏதாச்சும் ஆச்சுன்னா அங்கதான் போவேன்னு அபிக்கா சொல்லுச்சு."

6

கூட்டம் ஊருக்குள் வர, எங்கள் ஆட்டோ வெளியே போனது. சங்கீதா அபியோடு பத்தாவதுவரை படித்தவள். இப்போது அரசுப் பள்ளிக்கு மாறிவிட்டாள். வீட்டு முன்னால் பிடுங்கிய வேர்க்கடலைச் செடி குவிந்திருந்தது. அதன் பக்கத்தில் சீருடையோடு அபி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் மறித்த மாதிரி சங்கீதாவின் அம்மா நின்றார்.

"சோறு தின்னா, இருக்கா. உங்களுக்குப் போன் போடறேன்னா நம்பர் தர மாட்டேன்னுடுச்சு. வந்துட்டீங்க. இங்க வச்சுத் திட்டாதீங்க, சொல்லிட்டேன்."

எங்களுக்குப் பின்னால் மாமாவின் பைக் வந்து நின்றது. இறங்கிய மாமா மகளிடம் நேராகப் போனார். போனவர் நின்று, ஒரு கையை இன்னொரு கையால் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார். அக்கா அபியின் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். முழங்கால் இரண்டிலும் தோல் உரிந்து, ஜல்லி மண் ஒட்டியிருந்தது.

லேட்டாக வந்த ஒரு பெண்ணை வராந்தாவுக்கு வெளியே ஜல்லியில் முட்டி போடச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். அபி எழுந்து, "ஏன் சார்?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். நீயும் போ என்று அனுப்பிவிட்டார். அங்கிருந்துதான் அபி எழுந்து இங்கே வந்திருக்கிறாள்.

திரும்பும்போது ஆட்டோவில் அபி என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: "யாழினி எல்லாத்துக்கும் ஏன்னு கேப்பாளாம் சித்தி. நானும் ஒருவாட்டி கேட்டுப் பாத்தேன்."

என் பிள்ளை அங்கே சாதாரணமாகக் கேட்கிற அதே கேள்விதான் இங்கே இந்தப் பிள்ளையின் முட்டியைக் கிழித்திருக்கிறது.

7

மறுநாள் பள்ளியின் தாளாளர் அக்காவை வரச் சொன்னார். அக்கா, அபி, நான் மூவரும் போனோம். உட்காரச் சொன்னதும் அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சமூகநல அலுவலகத்தில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

"வீட்ல கண்டிப்பே இல்லம்மா" என்றார் அவர். "சொல்லாம கொள்ளாம ஓடிப் போற அளவுக்குத் தைரியம் எங்கருந்து வந்துச்சு? எங்க பள்ளிக்கூடத்துப் பேரு என்னாகறது?"

"தப்புதாங்க சார். மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பெல்லாம் வேணாம். இப்ப இங்க, ஸ்டாஃப் முன்னாடி, பொண்ணுக்கு ரெண்டு அறை விடுங்க. நாங்க தொட்டா கேஸு. நீங்க பெத்தவங்க, உங்களுக்கு உரிமை இருக்கு. அப்பதான் மத்த புள்ளைங்களுக்குத் தெரியும். அதோட இத முடிச்சிக்கலாம்."

அபி கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி முகத்தைக் கொஞ்சம் நீட்டினாள். அம்மா அறைவாள் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை. என் மகளைத் திருப்பிக் கொடுப்பார்களா என்று காத்திருந்த அந்த நேரத்தில்கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்ததா என்று தெரியவில்லை. பிள்ளையைப் பயமுறுத்தினேன் என்று என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். போதுமான அளவு பயமுறுத்தவில்லை என்று என் அக்காவைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.

அக்கா எழுந்தாள். "முடியாதுங்க சார்" என்றாள். தாளாளர் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு முறை சொன்னாள். "அடிக்க மாட்டேன்னு சின்னப் புள்ளைக்குச் சொல்லிட்டேன்."

"அப்ப டி.சி. வாங்கிட்டுப் போங்க."

"குடுங்க சார்."

கேட்டுக்கு வெளியே வந்ததும் அக்கா நின்றுவிட்டாள். ஒரு கையால் மதில் சுவரையும் இன்னொரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டாள். "என்னடி பண்ணிட்டேன் நான்? இவ வாழ்க்கையே போச்சா? சொல்லுடி, போச்சா?" அபி பக்கத்தில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், முன்பின் தெரியாத ஒரு பெண்ணைப் பார்ப்பது போல.

8

அபியை ஊரிலேயே அரசுப் பெண்கள் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். அப்படி இல்லை. முதல் பரீட்சையில் மார்க் இறங்கியிருக்கிறது. மாமா கடையில் யாராவது அபியைப் பற்றி விசாரித்தால் அவர் பேச்சை மாற்றுகிறாராம். ஆனால் அபி சாயங்காலம் வந்து அன்றைக்கு நடந்ததை அம்மாவிடம் தானாகச் சொல்கிறாளாம். சில நாள் சொல்வாள், சில நாள் சொல்ல மாட்டாள்.

நேற்று அக்கா கூப்பிட்டாள். இங்கே இலையுதிர்கால விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். பக்கத்து அறையில் யாழினி ஏதோ ஒரு தோழியோடு போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பிடிபடாத வேகத்தில் ஸ்வீடிஷ். கதவு சாத்தியிருந்தது.

"பகல்லாம் கை பரபரன்னு இருக்கு கலை. அவ என்ன பண்றா, எங்க உக்காந்திருக்கான்னு ஒண்ணும் தெரியல. அடிக்காம, பாக்காம, அங்கெல்லாம் எப்படித்தான்டி புள்ளைங்கள வளக்கறீங்க?"

மரியா சொன்னதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அது ஸ்வீடிஷில்தான் நன்றாக இருக்கும் என்று பட்டது.

"பயந்துக்கிட்டேதான்க்கா" என்றேன்.

அந்தப் பக்கம் தெருவில் பிள்ளைகள் பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"சரிடி, வைக்கறேன்" என்றாள் அக்கா. "அவ வர்ற நேரம். வாசல்ல போய் நிக்கணும்."